ஃப்ரீ சோலோ: கையை விடுங்கள், காலைப் பாருங்கள்

2018-இல் வந்த 'ஃப்ரீ சோலோ' ஆவணப்படத்தைப் பார்க்கிறவர்களின் கண், கயிறில்லாமல் பாறைச்சுவர் ஏறும் அலெக்ஸ் ஹானால்டின் விரல்களிலேயே நிற்கும். அடுத்தமுறை அவர் காலணி பாறையில் பதியும் இடத்தைக் கவனியுங்கள். இந்த ஏற்றத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கிரானைட் சுவர் எல் கேப்பிட்டன். 2017 ஜூன் 3 அன்று 'ஃப்ரீரைடர்' என்ற வழியில், கயிறே இல்லாமல், 3 மணி 56 நிமிடத்தில் ஹானால்ட் அதில் ஏறி முடித்தார்.

எல்லோரும் பேசுவது சுமார் 600 மீட்டர் உயரத்தில் வரும் 'போல்டர் ப்ராப்ளம்' பற்றி. கட்டைவிரல் நுனி மட்டுமே அமரும் ஒரு மேடு, அதில் கை மாற்றம், பிறகு இடதுகாலைக் கராத்தே உதைபோல நீட்டிப் பக்கத்துச் சுவரில் ஊன்றுவது. கடினம்தான். ஆனாலும் ஒவ்வொரு அசைவையும் கயிறு கட்டி ஒத்திகை பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம்.

எனக்கு அதைவிட அச்சம் தருவது கீழே இருக்கும் 'ஃப்ரீபிளாஸ்ட்'. செங்குத்தாக இல்லாத சாய்பாறை. எளிது என்று தோன்றும். பனியாறு தேய்த்து மழமழப்பாக்கிய கல்லில் கைக்குப் பிடி கிடையாது, ரப்பர் அடியின் உராய்வு மட்டுமே ஆளைத் தாங்குகிறது. பயந்து உடம்பைப் பாறையோடு ஒட்டினால் பாதம் கல்லை அழுத்துவது குறைந்து கால் வழுக்கிவிடும். இடுப்பை வெளியே வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, முழு எடையையும் காலில் இறக்க வேண்டும். வழுக்கினால் எவ்வளவு கைபலமும் காப்பாற்றாது. 2016 இலையுதிர்காலத்தில் அவர் முயற்சியைக் கைவிட்டதும் இந்த இடத்தில்தான். அப்படித் திரும்பத் தெரிந்ததை நான் பெரிய திறமையாகவே மதிக்கிறேன்.

ஒத்திகை என்பது ஏறிப் பழகுவது மட்டுமல்ல. கையோடு பெயர்ந்து வரக்கூடிய கற்களை முன்கூட்டியே அகற்ற வேண்டும். நேரமும் முக்கியம்: அன்று விடியலில் 5:32-க்கே தொடங்கிவிட்டார். வெயில் ஏறினால் விரல் வியர்க்கும். கையில் பூசிக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட் தூள் ஓரளவுக்குத்தான் ஈரத்தை இழுக்கும்.

படத்தை இயக்கிய ஜிம்மி சின், எலிசபெத் சாய் வாசர்ஹேலியின் படக்குழுவில் கயிற்றில் தொங்கிப் படம்பிடித்தவர்கள் எல்லோரும் தேர்ந்த மலையேறிகள். மேலிருந்து ஒரு சிறு கல் உருண்டாலும், ஒரு கயிறு குறுக்கே ஆடினாலும் கீழே இருப்பவர் உயிர் போகும். போல்டர் ப்ராப்ளத்தில் அருகில் ஆளே நிற்கவில்லை. தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை முன்பே பொருத்திவிட்டார்கள். கவனம் சிதறக்கூடாத அந்தச் சில நொடிகளில் படமே கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்ததால்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.