பற்றரி ஸ்பீக்கர்: இரண்டாவது பெட்டி காற்றைப் பிடித்துவிட்டது

3டி பிரிண்ட் பண்ணிய ஸ்பீக்கர் பெட்டி இது, இரண்டாவது முயற்சி. பாசிவ் ரேடியேட்டரை (காந்தமும் சுருளும் இல்லாமல், பெட்டிக்குள் உள்ள காற்றின் அழுத்தத்தால் ஆடும் கோன்) விரலால் மெதுவாக உள்ளே அழுத்தினால், முன்னாலுள்ள மூன்று அங்குல டிரைவரின் (ஒலி எழுப்பும் ஸ்பீக்கரின்) கோன் வெளியே தள்ளி வருகிறது. அழுத்தியபடி வைத்திருந்தால் நான்கு விநாடி அங்கேயே நிற்கிறது. முதல் பெட்டியில் காற்று கசிந்ததால் அரை விநாடிகூட நிற்கவில்லை. இந்தச் சோதனையில் தேறாத பெட்டிக்கு எந்த அம்ப், எந்த டிரைவர் போட்டாலும் பேஸ் வராது.

உள்ளளவு 160 × 110 × 115 மி.மீ., அதாவது சுமார் 2 லீற்றர். 4 ஓம் டிரைவர் ஒன்று, இரு பக்கமும் எதிரெதிராக மூன்றரை அங்குல ரேடியேட்டர் இரண்டு, டிபிஏ3118 சிப் உள்ள மோனோ அம்ப் போர்டு, ஆறு 18650 லித்தியம் செல் (3எஸ்2பி: மூன்று தொடராக, அப்படி இரண்டு வரிசை சமாந்தரமாக). எதிரெதிராக வைத்தால் இரண்டின் உதறலும் ஒன்றையொன்று அடித்துவிடும், பெட்டி மேசையில் நகராது.

கசிவுதான் முழு வேலையையும் தின்றது. முதல் காரணம் பிளமென்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) ஈரம். கொழும்புக் காற்றில், அதுவும் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம், பிஇடிஜி பிளாஸ்டிக் சுருளைச் சில நாள் திறந்து வைத்தாலே நொசிலில் டிக் டிக் என்று வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு நீராவிக் குமிழ். சுவரில் அது ஊசித் துளையாக நிற்கும். 65 பாகையில் 6 மணி நேரம் உலர்த்தி, உலர்த்தும் பெட்டியிலிருந்தே நேராகப் பிரிண்டருக்கு இழுக்க வேண்டும். சுவர் 4 மி.மீ., ஐந்து சுற்று. நடுவில் இன்ஃபில்லுக்கு (இடைவெளி விட்டு நிரப்பும் வலைக்கு) இடமே இருக்கக் கூடாது. பிளோவை (வெளிவரும் பிளாஸ்டிக்கின் அளவை) 103 வீதமாக்கினால் கோடுகள் நன்றாக ஒட்டும். பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 பாகையை நெருங்கும்போதே அது இளகிவிடும். காலிமுகத்திடலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் டிரைவர் உட்காரும் முகம் வளைந்துவிடும்.

இரண்டாவது காரணம் பித்தளை இன்சர்ட் (திருகாணி இறங்கப் பிளாஸ்டிக்கில் பதிக்கும் மரையுள்ள குழல்). எம்3 இன்சர்ட்டுக்குச் சுவரை ஊடறுத்துத் துளை விட்டால் எட்டுத் திருகாணியும் எட்டுக் கசிவு. உட்பக்கம் 10 மி.மீ. புடைப்பு வைத்து, துளையை 7 மி.மீ. ஆழத்தில் அடைத்து வரையுங்கள்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போனது. சார்ஜ் சொக்கெட்டும் சுவிட்ச்சும் தங்கள் உடம்புக்குள்ளாலேயே காற்றை விடுகின்றன. வெளியே எவ்வளவு பசை பூசினாலும் நிற்காது. அவற்றின் பின்னால் மூடிய சிறு கிண்ணம் ஒன்றைச் சேர்த்தே பிரிண்ட் பண்ணி, வயர்களை 3 மி.மீ. துளையால் எடுத்து எபொக்சியால் அடைத்ததும் தீர்ந்தது.

கசிவைத் தேட ஊதுபத்தியே போதும். 40 ஹேர்ட்ஸ் டோனை மெல்லிய சத்தத்தில் ஓட விட்டு, பத்தியை இணைப்புகள் ஓரமாகக் கொண்டு போங்கள். நூல் போல எழும் புகை கசிவுக்கு நேரே வந்ததும் நடுங்கி உடைகிறது. கோனுக்கு அருகில் எப்படியும் ஆடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

காற்று அடைபட்ட பிறகுதான் டியூனிங், அதாவது ரேடியேட்டர்கள் எந்த அதிர்வெண்ணில் வேலை செய்ய வேண்டும் என்று அமைப்பது. டோனை மேலிருந்து கீழே இறக்கும்போது, டிரைவர் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நின்று ரேடியேட்டர்கள் மட்டும் பாயும் இடமே டியூனிங். வாசர் இல்லாமல் 92 ஹேர்ட்ஸ். ரேடியேட்டரின் அசையும் எடை 9 கிராம். ஒவ்வொன்றிலும் இன்னொரு 9 கிராம் வாசர் ஏற்றியதும் 65க்கு வந்தது. எடை இரட்டித்தால் அதிர்வெண் 1.4 மடங்கு இறங்கும் என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. இரு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும்.

65க்குக் கீழே டிரைவருக்குப் பிடிமானமே இல்லை, கோன் வீணாக அலையும். அந்தத் தாழ்ந்த ஒலியைக் குறைக்க, அம்ப் போர்டிலுள்ள 1 மைக்ரோபரட் உள்ளீட்டுக் கப்பாசிட்டரைக் கழற்றி 0.1 போட்டேன். 26 டெசிபல் கெயினில் (ஒலிப்பெருக்க அளவில்) இந்த சிப்பின் உள்ளீட்டுத் தடை 30 கிலோ ஓம். ஆகவே வெட்டு (ஒலி குறையும் எல்லை) சுமார் 53 ஹேர்ட்ஸ். சரிவு மென்மையானதுதான், ஆனாலும் கோன் அலைவது கண்ணுக்கே குறைந்து தெரிகிறது.

செல் வாங்குவோருக்கு ஒன்று: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவோ ஒன்லைனோ, எங்கே வாங்கினாலும் தராசு கொண்டு போங்கள். நல்ல 18650 சுமார் 45 கிராம் இருக்கும். 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டு 30 கிராம் நிற்பதைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டர் தனியாகக் கிடைப்பது கஷ்டம். பழுதுபார்க்கும் கடைகளில் செத்த புளூடூத் ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கைப்பிடியை டிபியுவில் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில்) பிரிண்ட் பண்ண வரைபடம் தயார். அதற்கு முன் புளூடூத் போர்டின் கீச்சு ஒலி மிச்சம் இருக்கிறது: பாட்டு நின்றதும் உய்ங் என்கிறது. அம்ப்பும் புளூடூத்தும் ஒரே கிரவுண்டைப் பகிர்வதால் வருவது. 5 வோல்ட் பக் கன்வேர்ட்டருக்கும் (பற்றரி வோல்ட்டைக் குறைக்கும் போர்டு) புளூடூத்துக்கும் இடையில், கிரவுண்டைப் பிரிக்கும் பி0505எஸ் ஐசொலேட்டர் ஒன்று போட வேண்டும். அது 1 வோட் (W) வகை, 5 வோல்ட்டில் 200 மில்லி அம்பியர்தான் தரும், புளூடூத் போர்டுக்கு அது தாராளம்.