ஒரே கொல்லையில் இரண்டு மாவுப்பூச்சிகள்

அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. மேற்கே மண் பாதை. டிராக்டர் போனால் அரை மணி நேரம் புழுதி அடங்காது. கிழக்கே வாய்க்காலும் ஒரு புங்க மரமும்.

இந்த மே மாதம் மேற்கு வரிசைச் செடிகளின் நுனியெல்லாம் முட்டைக்கோசு போலச் சுருண்டு, கணுக்கள் நெருங்கிக் குட்டையாகிவிட்டன. கிழக்கிலும் வெள்ளை அப்பியிருந்தது. ஆனால் அடி இலைகளின் பின்புறத்தில் மட்டும். நுனி நிமிர்ந்தே நின்றது.

"இரண்டும் மாவுப்பூச்சிதானே, மருந்தை அடித்துவிடு" என்றார் அம்மா. இத்தனை வருடமும் அப்படித்தான் அடித்தேன்.

இந்த முறை நசுக்கிப் பார்த்தேன். கிழக்கில் எடுத்தது விரலில் மஞ்சளாக ஒட்டியது. அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. மேற்கில் எடுத்தது மாவைத் துடைத்தால் இளஞ்சிவப்பு. அது மரவள்ளி மாவுப்பூச்சி; தென் அமெரிக்காவில் பிறந்து 2020இல் கேரளத்தில் பிடிபட்டது. இதற்கு ஆண் துணையே வேண்டாம், பெண்ணே பெண்ணைப் பெற்றுத் தள்ளும்.

இரண்டும் கடித்துக்கொள்வதில்லை, ஒரே சாற்றுக்குப் போட்டி. யார் கை ஓங்குவது என்பதை வறட்சியும் ஈரமும் தீர்மானிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. தண்ணீர் இல்லாமல் வாடும் செடியில் சிவப்புக்காரி கொழுக்கிறாள். வலுத்த மழை பெய்தால் நுனியில் இருப்பவள்தான் முதலில் அடித்துச் செல்லப்படுகிறாள். இலைக்கடியில் இருக்கும் மஞ்சளுக்கு இலையே கூரை.

மூன்றாவது ஆளும் உண்டு, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவி. மஞ்சளுக்கு 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒன்று வந்தது. சிவப்புக்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து 2022இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். ஒன்றின் குளவி மற்றதைத் தீண்டாது. ஆப்பிரிக்காவிலேயே, மூடாக்கு (மண்ணை மூடும் தழை) இல்லாத வெறும் மணல் நிலத்தில் இந்தக் குளவியின் வேலை எடுபடவில்லை என்று படித்தபோது என் மேற்கு வரிசைதான் கண்ணில் நின்றது. இலையில் படியும் புழுதி வேறு குளவிக்கு ஆகாது. போதாக்குறைக்கு என் மருந்து: பூச்சி மாவுக்குள் பதுங்கிக்கொள்ளும், குளவிக்கு ஏது போர்வை? நானே பந்தயத்தில் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறேன். ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, குறைந்தபோது மண்ணைத் திட்டியதுதான் மிச்சம்.

மேற்கு வரிசைக்குக் கடலைக்கொடியை மூடாக்காகப் போட்டு, பாதையோரம் தண்ணீர் தெளித்தேன். அம்மாவுக்கு இது பைத்தியக்காரத்தனம். கடலைக்கொடி மாட்டுக்கு ஆகும் தீவனம் அல்லவா?

நேற்று ஒரு நுனியைப் பிரித்தேன். மாவுக்கு நடுவே பழுப்பாக, உப்பிக் காய்ந்த கூடுகள் ஏழு. நான்கில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை. குளவி வெளியேறிய வாசல். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.