சாப்பிட்ட கொழுப்பு முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். கொழுப்புச் செரிமானத்தில் உள்ள அத்தனை சுற்றுவழியும் இந்தப் பொருத்தமின்மையால் வந்ததுதான்.

இரைப்பையில் கொழுப்பு கொஞ்சம்தான் உடையும். முன்சிறுகுடலை அது எட்டியதும் குடல்சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே பித்தப்பை சுருங்கும், கணையம் நொதிகளை அனுப்பும், இரைப்பை காலியாவது தாமதப்படும். எண்ணெய்ச் சாப்பாடு நெடுநேரம் பசியெடுக்காமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். பித்தப்பையில் கல் இருப்பவருக்கு அதே சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிப்பதும் அந்தச் சுருக்கத்தால்தான்.

கணையம் அனுப்பும் லைபேஸ் நொதி எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். பித்த உப்புகள் துளிகளைப் பொடிப்பொடியாக்கி அந்தப் பரப்பைப் பெருக்கித் தருகின்றன. உணவுக் கொழுப்பு பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியது. லைபேஸ் அதன் இரு ஓரக் கொழுப்பு அமிலங்களை வெட்டிவிடும். நடுவிலுள்ளது கிளிசராலோடு ஒட்டியே இருக்கும். கணையம் பழுதானால் இந்த வெட்டு நடக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே வீணாகும். இதற்குத் தரும் நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அது கலக்க உணவே இருக்காது.

எனக்கு மிகவும் வியப்பானது அடுத்த கட்டம். வெட்டிய துண்டுகளைக் குடல் செல் மறுபடி ட்ரைகிளிசரைடாக ஒட்டி, புரதம் சுற்றிய கைலோமைக்ரான் என்ற பொதியாக்குகிறது. மிக நுண்ணிய ரத்தக் குழாயான தந்துகிக்குள் நுழைய முடியாத அளவு பெரிய பொதி அது. அதனால் நிணநீர்க் குழாயில் ஏறி, மார்பு வழியே மேலே போய், கழுத்தின் இடப்பக்க அடியில் சிரைக்குள் இறங்குகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் முதலில் கல்லீரலைப் பார்த்துவிட்டுத்தான் உடலுக்குள் போகும். கொழுப்புப் பொதிக்கு அந்தச் சோதனைச் சாவடி கிடையாது. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் மட்டும் பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குப் போகும். நிணநீர்க் கசிவு உள்ளவர்களுக்கு அவ்வகை எண்ணெயைத் தருவது இதனால்தான்.

தசை, இதயம், கொழுப்புத் திசு இவற்றின் தந்துகிச் சுவரில் லைப்போபுரத லைபேஸ் என்ற நொதி காத்திருந்து பொதியைப் பிரிக்கிறது. கல்லீரலுக்குக் கடைசியில் எஞ்சிய கூடுதான். சாப்பிட்டு 3 முதல் 4 மணி நேரத்தில் ரத்த ட்ரைகிளிசரைடு உச்சத்தில் இருக்கும். அதைத் துல்லியமாக அளக்க 9 முதல் 12 மணி நேர வெறும் வயிறு கேட்கிறார்கள், தண்ணீர் குடிக்கலாம். லைப்போபுரத லைபேஸ் பிறவியிலேயே இல்லாதவர்களின் ரத்தத்தை எடுத்து வைத்தால் மேலே பாலாடை போலக் கொழுப்பு படியும். ட்ரைகிளிசரைடு அளவு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி வரக்கூடும். அப்போது உணவில் எந்த எண்ணெய் நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை, மொத்தக் கொழுப்பையும் கடுமையாகக் குறைத்தாக வேண்டும்.