எழுத்துக் கூட்டத் தெரிகிறது, கதைதான் புரியவில்லை

மூன்றாம் கிரேடு படிக்கும் ஒரு மொரிஷியஸ் பிள்ளையிடம் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். விரல் வைத்து, தட்டித் தடுமாறி, ஏறக்குறையச் சரியாகவே படித்துவிடும். "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் நம் முகத்தையே பார்க்கும். அடுத்து ஆசிரியர்களாகிய நாம் செய்வது என்ன? இன்னும் ஒரு வாரம் எழுத்துப் பயிற்சி. வயிற்றுவலிக்காரனுக்கு முழங்காலில் தைலம் தேய்க்கிற கதைதான்.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய கணக்குப் போட்டார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம். தமிழ்நாட்டுப் பிள்ளை ஐந்து வருடத் தமிழைக் காதில் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருகிறது. எழுத்து மட்டும்தான் பாக்கி. இங்கே வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் விருப்பப் பாடம். அங்கே எழுதிய அரிச்சுவடியை இங்கே அப்படியே விரித்து வைத்தால் எப்படி எடுபடும்? அது நம்பியிருக்கும் காது இங்கே இல்லையே.

அதனால் காதிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒரே புத்தகம், தினமும் எட்டிலிருந்து பத்து நிமிடம், ஆசிரியர் உரக்கப் படிப்பது. முதல் நாள் படங்களை மட்டும் பாருங்கள். பிள்ளைகள் கிரியோலிலேயே பேசட்டும்: இது யார், ஏன் அழுகிறது, அடுத்து என்ன ஆகும். நீங்கள் ஐந்தாறு தமிழ்ச் சொற்களை மட்டும் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் முழுக் கதையும் தமிழில், மெதுவாக, கையும் முகமும் சேர்ந்து பேச. மூன்றாம் நாள் திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். நான்காம் நாள் நடிப்பு. ஐந்தாம் நாள் புத்தகம் அவர்கள் கையில். அன்றைக்கு அவர்கள் செய்வது பாதி படிப்பு, பாதி மனப்பாடம். அதைத் தடுக்காதீர்கள், காதில் இருக்கும் வரியைக் கண் தேடிப் பிடிக்கும் இடம் அதுதான்.

இதில் கெடுவது ஒரே இடத்தில். வரிக்கு வரி கிரியோலில் மொழிபெயர்க்கத் தொடங்கினால் இரண்டே நாளில் பிள்ளைக்கு வழி தெரிந்துவிடும்: தமிழ் வரி ஓடும்போது சும்மா இருந்துவிட்டு, கிரியோல் வரும்போது மட்டும் காதைத் திறக்கும். முதல் நாள் கிரியோல், இரண்டாம் நாள் தமிழ் என்று பிரித்து வைப்பதே அதற்காகத்தான்.

காதில் தமிழே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்தத் தீவின் சமையலறை வேறு கதை சொல்கிறது. கோத்தோமிலி என்று பஜாரில் கேட்டு வாங்குவது கொத்தமல்லி. காரிபூலே என்பது கறிவேப்பிலை. ப்ரெட் முரும் நம் முருங்கைக்கீரை, பிபாங்காய் நம் பீர்க்கங்காய், ராசோன் நம் ரசம். கோவிலுக்குக் கிரியோலிலும் கோவில்தான். தைப்பூசக் காவடியோ பள்ளி ஆண்டின் தொடக்கத்தை ஒட்டியே வருகிறது; வேல், மயில், பால், பழம், காவடி எல்லாம் கண்ணால் பார்த்த சொற்கள். முதல் முப்பது சொல்லட்டைகளை இவற்றிலிருந்து எடுங்கள். கூடவே பிள்ளையின் குடும்பப் பெயர். முத்துசாமி, ஆறுமுகம், வீராசாமி எல்லாம் இங்கே ரோமன் எழுத்தில் உருமாறிக் கிடக்கின்றன. தன் பெயரைத் தமிழில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை அந்த அட்டையைத் திருப்பித் தராது. அப்பாவின் பையில் இருக்கும் பணத்தாளிலும் தொகை தமிழில் அச்சாகியிருக்கிறது. 1998-இல் அதில் தமிழ் எந்த இடத்தில் வர வேண்டும் என்று நாடே சண்டை போட்டது. அந்த வரியைப் படிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இனி எழுத்து. 247 எழுத்தையும் கட்டம் போட்டு வரிசையாக ஒப்பிக்க வைப்பது நினைவாற்றலுக்கு நல்லது, வாசிப்புக்கு அவ்வளவாக இல்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் போதும், முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் படிக்கலாம். க, ல, ர சேர்ந்தால் மரம், கடல், கல், பல், பகல், கப்பல். அடுத்துத் துணைக்கால்: பால், கால், காகம், மாமா. பிறகு இகரம்: படி, மாடி, பாட்டி, கரடி. (கரடி இந்தத் தீவில் இல்லை, பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டும் இல்லை.)

புள்ளி எழுத்தை 'இக், இம், இல்' என்று பெயர் சொல்லித் தனியாகக் கற்பிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. விளைவு: படம் என்பதைப் பிள்ளை 'ப, ட, இம்' என்று படிக்கும், மூன்றும் ஒட்டவே ஒட்டாது. புள்ளி எழுத்து தனியாக நிற்காது, முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, டம், ரம், கல், பல் என்று சோடியாகவே காட்டுங்கள்.

உகரத்தில் நிதானம் வேண்டும். ஊகாரத்தைத் தவிர மற்ற குறிகள் ஏறக்குறைய எல்லா மெய்யோடும் ஒரே மாதிரி சேரும், உகரம் சேராது. பு, சு, யு, வு ஒரு வகை, கீழே இறங்கும் கோடு. கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு வகை. து, நு, லு, ணு, னு, று மூன்றாவது. மூன்றையும் ஒரே வாரத்தில் கொட்டினால் குழப்பம்தான். வகைக்கு ஒரு வாரம் விடுங்கள், பிறகு கலந்து கொடுங்கள்: புட்டு, கரும்பு, முத்து. கரும்பு என்ற ஒரே சொல்லில் இரண்டு வகை வந்துவிடுகிறது. கரும்பு நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

எ, ஏ, ஐ குறிகள் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டு, ஒலியில் பின்னால் வரும். பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்துப் பழகிய கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு போகும். வேல் என்பதை 'ஏவ்ல்' போலப் படிக்கும். குறியையும் மெய்யையும் ஒரே பெட்டிக்குள் வட்டமிட்டு, பெட்டி முழுவதற்கும் ஒரே ஒலி என்று பழக்கினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே இருப்பது வேறு தொல்லை. முதல் இரண்டு வருடம் அதைத் தொடாமலே இருக்கலாம், இழப்பில்லை.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் சரியானது ஒன்று உண்டு: ஒரே எழுத்து ஏன் இரண்டு விதமாக ஒலிக்கிறது? கிரியோலில் வல்லொலியும் அதன் மெல்லிய சோடியும் வேறு வேறு எழுத்து. தமிழில் இடம்தான் தீர்மானிக்கிறது. பம்பரத்தின் முதல் பகரம் ஒரு ஒலி, மகர ஒற்றுக்குப் பின் வரும் பகரம் வேறு. பச்சை, பஞ்சு, பசி மூன்றிலும் சகரம் மூன்று விதம். விதியாகச் சொல்ல வேண்டாம். இரட்டித்தால் அழுத்தம், மெல்லின ஒற்றுக்குப் பின் மென்மை என்று கேட்கும் சொற்களை இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குறில் நெடில் வேறுபாட்டுக்கு இதைவிட அதிக நேரம் கொடுங்கள்: பல், பால், கல், கால், படு, பாடு. ழகர உச்சரிப்புக்காகப் படிப்பை நடுவில் நிறுத்தாதீர்கள். பொருள் பிடிபட்டால் நாக்கு பிறகு வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். தமிழ் வரிக்குக் கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பைப் போடவே கூடாது. கோவில் பாட்டுப் புத்தகங்களில் இது வழக்கம், பெரியவர்களுக்கு வசதி. பிள்ளையின் கண்ணோ எது எளிதோ அதற்கே ஓடும். தமிழ் எழுத்து ஓரத்து அலங்காரமாகிவிடும். உதவி தேவையென்றால் அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள், திருப்பிப் பார்க்கும் சிரமம் இருக்கட்டும்.

மூன்றாம் நான்காம் கிரேடில் வேறொரு சுவர் நிற்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 'மரம்' தெரிந்த பிள்ளைக்கு 'மரத்தில்' தெரியாது. 'வீடு' தெரியும், 'வீட்டுக்கு' தெரியாது. தமிழ் பேசும் வீட்டில் இது தானாக வரும். இங்கே சொல்லிக் கொடுத்தால்தான் வரும். மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு என்று ஒரே சொல்லின் குடும்பத்தை ஒரு நீள அட்டையில் எழுதி, மாறும் வாலை மட்டும் வேறு நிறத்தில் காட்டுங்கள். வாரத்துக்கு மூன்று குடும்பம் போதும். நீளமான சொல் வந்தால் பென்சிலால் கீழே வளைவு போட்டுப் பிரித்துக் காட்டலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது? பாடநூல்கள் மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனத்திலிருந்து வருகின்றன. பாடநூல் பாடத்துக்கு, ஆசைக்கு வேறு வேண்டும். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அச்சிடலாம், மாற்றி எழுதலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் விடாமல் சேர்க்க வேண்டும். நிலை 1 என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள், அது தமிழ் பேசும் பிள்ளைக்கான நிலை 1. பக்கத்துக்கு ஒரு வரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. சிறியதாக்கி நகலெடுத்தால் புள்ளியும் ஏகாரச் சுழியும்தான் முதலில் மறையும். 40 சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கடினம்.

நான்கு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் 16 பக்கம். ஸ்டேப்ளர் வேண்டாம்: மழை ஊரான கியூர்பிப் பக்கத்து ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருவேறித் தாளைத் தின்றுவிடும். மடிப்பில் மூன்று துளை, தடித்த நூல். உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே, மேல் துளை வழியே உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளை வழியே வெளியே, மறுபடி நடு வழியே உள்ளே வந்து, நீள நூலின் மேல் முடிச்சு.

தமிழுக்கென்று தனி வகுப்பறை இல்லாத பள்ளியில் அலமாரி வீண். பஜாருக்கு எடுத்துப்போகும் தாந்த் என்ற கூடைப் பை ஒன்றில் 25 புத்தகம், அட்டை தெரியும்படி அடுக்கி, வகுப்புக்கு வகுப்பு தூக்கிப்போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தை மாற்றுங்கள். பிள்ளையே எடுக்கட்டும், ஒரே புத்தகத்தை மூன்று முறை எடுத்தாலும் கேட்காதீர்கள். கதைச் சுருக்கம் எழுதச் சொன்னால் அன்றோடு அந்தத் தாந்த் வீட்டுப்பாடமாகிவிடும். படித்த எண்ணிக்கைக்கு நட்சத்திரம் ஒட்டினால் மெல்லிய புத்தகங்கள் மட்டுமே வேகமாகக் கைமாறும். கிரேடு 6 தேர்வு வருடத்தில் உரக்கப் படிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்; பழைய வினாத்தாளின் உரைநடைப் பத்தியில் திணறுவதும் அந்தப் பிள்ளைகள்தான்.

தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள், பக்கம் திருப்பும் இடத்தில் மேசையில் ஒரு தட்டு. பிள்ளை அதைக் கேட்டபடி விரல் ஓட்டட்டும், அம்மா கிரியோலில் கதை கேட்கட்டும். கடன் நோட்டில் பெயர், புத்தகம், தேதி மட்டும் போதும். சில திரும்பி வராது. வராமல் போவது எப்போதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததாகத்தான் இருக்கும், அதனால் அதிகம் கைமாறும் புத்தகங்களை முதலிலேயே இரண்டு படி தைத்து வையுங்கள்.