மொட்டு காத்திருக்கும்போதே பேசிவிட வேண்டும்

ஏற்காட்டில் காபி வைத்திருக்கிறவர்களிடம் காலநிலை மாற்றம் என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். பூ மழை என்று ஆரம்பித்தால் இருட்டும்வரை பேசுவார்கள். மார்ச், ஏப்ரலில் சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல மழை, சேர்ந்தாற்போல் பெய்ய வேண்டும். பெய்தால் காத்திருக்கும் மொட்டெல்லாம் எட்டுப் பத்து நாளில் மலர்ந்துவிடும். அதற்கடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். முதல் மழை வெறும் தூறலாகப் போனால் மொட்டு சரியாக விரியாது. பூத்த அன்றைக்கே கொட்டித் தீர்த்தால் காய்ப்பு குறையும். வருட வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் முடிவாகிறது.

சேர்வராயன் மலையில் சிறு விவசாயிகளோடும் மகளிர் குழுக்களோடும் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மாறிவரும் மழையையும் வெயிலையும் சமாளிக்க, ஊருக்குள்ளேயே பொறுப்பு எடுக்கக்கூடியவர்களை வளர்த்தெடுப்பதுதான் என் வேலை. இதற்கான பயிற்சிகள் கீழே சேலத்தில் நடக்கும். மேடைப் பேச்சு, நேரத்தைக் கையாள்வது, குழுவை உற்சாகப்படுத்துவது என்று சொல்லித் தருவார்கள். எல்லாம் பயன்படுகிறது. ஆனால் மலையில் அதிகம் தேவைப்படுவது வேறொரு திறமை. வருமா வராதா என்று தெரியாத ஒன்றைப் பற்றி, அது தலைக்கு மேல் வந்து நிற்பதற்கு முன்பே, ஊரை உட்காரவைத்து ஒரு முடிவு எடுக்கவைப்பது.

ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குட்டை. பூ மழை பொய்த்தால் மோட்டாரும் பைப்பும் வைத்திருக்கிறவர்கள் இறைத்துத் தெளிப்பு நீர் பாய்ச்சிக்கொள்வார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குடிக்கவும் புழங்கவும் அதே தண்ணீர்தான். ஒவ்வொரு வறண்ட மார்ச்சிலும் சண்டை. மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா, பழப் பறிப்பு முடிந்து எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிடும் தை மாதத்திலேயே இதைக் கூட்டத்தில் எடுத்தார். "இப்ப எதுக்குக்கா இந்தப் பேச்சு, மழை வருதான்னு பாப்போம்" என்றார்கள். அவர் சொன்னார்: "மழை வந்துச்சுன்னா யாருக்கும் குட்டைத் தண்ணி வேணாம். வரலைன்னா எல்லாருக்கும் ஒரே நாள்ல வேணும். அன்னைக்கு உட்கார்ந்து பேச முடியுமா?"

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குட்டைத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டால் யாருக்கு அதிக நஷ்டமோ, அந்தப் பெரிய மோட்டார்க்காரரை முதலில் பேசவைத்தார். அவர் கோபமாகத்தான் பேசினார். அக்கா குறுக்கிடவில்லை. பேசி முடித்ததும், "சரிங்கண்ணா, உங்க தோட்டத்துக்குக் கொறஞ்சது எவ்வளவு நேரம் வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். அங்கிருந்துதான் கணக்கு தொடங்கியது. மொட்டு முதலில் திரளும் கீழ்ச்சரிவுத் தோட்டங்களுக்கு முதல் முறை, பைப் இல்லாதவர்களுக்கு வாடகையில்லாமல் ஒரு நாள், குட்டைக்குள் இருக்கும் ஒரு பாறையில் சிவப்புப் பெயிண்டில் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எந்த மோட்டாரும் ஓடக் கூடாது. அன்றைக்குக் காலநிலை மாற்றம் என்ற பேச்சே எழவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அதற்காகப் பெரிய கணக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பொறுப்பில் இருப்பவர் அதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை சொல்கிறது. அராபிகா காபிக்கு ஏறக்குறைய 15 முதல் 25 டிகிரி வரைதான் ஒத்துவரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விவசாயிக்கு விளக்கம் தேவையில்லை. அதே சமயம், பொய்த்த ஒவ்வொரு மழைக்கும் உலக வெப்பத்தைக் காரணம் காட்டுகிறவரை நான் பொறுப்பில் வைக்க விரும்பமாட்டேன். மழை முன்பும் பொய்த்திருக்கிறது. அதைப் பார்த்த பெரியவர்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒருமுறை மிகைப்படுத்திவிட்டால் அடுத்த தடவை நம்ப மாட்டார்கள். அதனால் சில ஊர்களில் மழைமானி வைத்து, கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளைத் தினமும் நோட்டில் எழுதவைத்திருக்கிறோம். பெரியவர்களின் நினைவும் இந்த நோட்டும் சேரும்போது பேச்சில் ஒரு நிதானம் வருகிறது.

மரம் விஷயம் இதைவிடக் கடினம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த காபி, மர நிழலில்தான் நன்றாக வளர்கிறது. நிழல் குறைந்து வெயில் பட்டால், தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு ஏறிவிடும். வண்டு விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நேராக, வேகமாக வளரும், மிளகுக் கொடி ஏறும், வெட்டினால் காசு. பலா, அத்தி, கல்யாண முருங்கை போன்றவை கலந்திருந்தால் மண்ணுக்கும் பறவைக்கும் நல்லது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நாட்டு மரங்களுக்கு அதில் முக்கிய இடம் உண்டு. ஆனால் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு சில்வர் ஓக்கை நம்பியிருக்கும் குடும்பத்திடம் வெறுமனே "நாட்டு மரம் நடுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. எத்தனை சில்வர் ஓக் நிற்கட்டும், அதற்கு நடுவே எது, அது பலன் தரும்வரை கைக்குக் காசு எங்கிருந்து என்று அவர்களோடு உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும்.

மலையிலிருந்து சிலரைக் கீழே ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அழைத்துப் போனோம். மரவள்ளிக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு, அதிலிருந்து வரும் வாயுவை எரிபொருளாக்குகிறார்கள். திறந்துவிட்டால் அதிலுள்ள மீத்தேன் காற்றில் கலக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அங்கிருந்தவர் தொட்டிக்கு ஆன செலவையும் மிச்சமான எரிபொருள் காசையும்தான் முதலில் சொன்னார். கூட வந்த பெண்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். செய்து பார்த்தவர் சொன்னால் அதன் எடையே தனி.

அரசு அலுவலகத்துக்குப் போகும் துணிச்சலும் இதில் சேர்ந்ததுதான். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்டப் பொறுப்பு கலெக்டரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வெறும் மனுவோடு போவது ஒன்று. மழை நோட்டையும் குட்டைத் தண்ணீர் முறைக்கு ஊரார் போட்ட கையெழுத்தையும் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவதுக்கு அலுவலர்கள் உட்காரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இன்னும் நடக்காததும் இருக்கிறது. குட்டைக்கு மேலே உள்ள பெரிய எஸ்டேட்டுகள் ஓடைத் தண்ணீரைத் தங்கள் குளத்தில் தேக்கிக்கொள்கின்றன. தண்ணீருக்கு முறை வைக்கும் பேச்சில் அவர்கள் இல்லை. அவர்கள் வராமல் கீழே எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டாலும் ஓரளவுக்குத்தான் ஆகும். இந்தத் தைக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்க வேண்டும் என்று அக்காதான் சொன்னார். கடிதத்தை என்னை எழுத விடவில்லை. "ஊர் பேர்ல போனாத்தான் தம்பி மரியாதை" என்று குழுவிலேயே எழுதி, மோட்டார்க்கார அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு மேனேஜர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.