கரடித் தலை: காரைக்குடி நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

கரடி வேஷத்துக்குத் தலையும் கையும் கேட்டு வந்த ஆர்டரை இன்று ஒத்துக்கொண்டேன். கேட்டவர் கரகாட்டக் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடுகிற தம்பி. பங்குனி பிறந்துவிட்டால் அவருக்கு வீட்டில் தங்க நேரமிருக்காது. இதுவரை போட்டு ஆடிய தலையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மூங்கில் கூடு, மேலே காகிதக்கூழ், அதற்கு மேல் கறுப்புச் சாயம் ஏற்றிய சணல் நார். செய்தவர் கைக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் தூக்கினால் மூன்று கிலோ இருக்கும். காற்றுக்கு மூக்கில் இரண்டு துளை, அவ்வளவுதான்.

"கால் மணி நேரம் ஆடுனா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. முகம் எப்படி வேண்டுமானாலும் வரட்டும், அதை அப்புறம் பார்க்கலாம். உள்ளே இருக்கிற ஆளுக்கு முதலில் காற்று வேண்டும், பார்வை வேண்டும், கழுத்து நோகக் கூடாது. பிளவுஸ் தைப்பதுதான் என் தொழில் என்றாலும், பள்ளி மாறுவேடப் போட்டிகளுக்குச் சிங்கமும் முயலும் செய்து கொடுத்துக் கை பழகியிருக்கிறது. பெரிய ஆளுக்கு, அதுவும் வெயிலில் ஆடுகிறவருக்குச் செய்வது வேறு வேலை.

மார்ச் 5, புதன்

செக்காலை ரோட்டில் சோபா தைக்கும் குஷன் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கினேன். தலைக்கு ஒரு அங்குல கனம், உதட்டுக்கும் காதுக்கும் அரை அங்குலம். கடைக்காரர் 40 டென்சிட்டியை எடுத்துப் போட்டார். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். உட்காருகிற இருக்கைக்கு 40 சரி. தலைக்கு 32 போதும், லேசாகவும் இருக்கும். வெளிச்சத்தில் கிடந்து பழுப்பேறிய துண்டை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது. அது கொஞ்ச நாளில் பொடியாக உதிர ஆரம்பித்துவிடும்.

ஃபர் துணிதான் பாடுபடுத்தியது. மதுரை விளக்குத்தூண் பக்கம் எனக்குக் கிடைத்ததெல்லாம் பொம்மைக்குப் போடும் குட்டை முடி. மூஞ்சிக்கு அதில் வெளிர் நிறத் துண்டு ஒன்று எடுத்துக்கொண்டேன். மூன்று அங்குல நீளமுள்ள கறுப்பு முடி சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. முடியை விரலால் வகிர்ந்து பார்த்தேன், அடித்துணி தெரியவில்லை. நல்ல அடர்த்தி.

இரவு முழுக்கக் கரடிப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மைக் கடைக் கரடிக்கு வட்ட முகம், குட்டை மூக்கு. முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் இருக்கிற நம் கரடி அப்படியில்லை. நீண்ட வெளிறிய மூஞ்சி, தொங்குகிற கீழுதடு, நெஞ்சில் வெள்ளையாக ஒரு ‘வி’, காதைச் சுற்றித் தாறுமாறாக நீள முடி. மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் அதற்குக் கிடையாது; கறையானை உறிஞ்சித் தின்ன அந்தச் சந்து உதவுகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வேலை சுலபமானது. மூஞ்சி நீளமென்றால் வாயைப் பெரிதாகத் திறந்து வைக்கலாம், ஆள் அதன் வழியாகப் பார்க்கலாம். காதுக்கடியில் காற்றுக்கு ஓட்டை வைத்தால் அந்த முடியே மறைத்துக்கொள்ளும்.

மார்ச் 8, சனி

பசை வேலை. வாடை தாங்காது என்பதால் எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்டு அவர்கள் வளவில் உட்கார்ந்து செய்தேன். திறந்த முற்றம், காற்று நன்றாக வரும்.

தம்பியின் தலையை டேப்பால் அளந்து, அவர் உள்ளே போட்டுக்கொள்ளும் குரங்குக் குல்லாய்க்கும் சேர்த்து அரை அங்குலம் கூட்டிக்கொண்டேன். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, உச்சியில் குறுக்காக இரண்டு பட்டை, பின்கழுத்துக்கு ஒன்று. ஸ்பாஞ்ச் முழுசாகத் தலையை மூடாது. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், அதுவே காற்றுப் பாதை. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவிவிட்டுப் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். தொட்டால் கையில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும்போது சேர்த்து அழுத்தினால் பிய்த்தாலும் வராது.

அப்புறம் மூஞ்சியைக் கட்டரால் செதுக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியெடுப்பது மாதிரிதான். கன்னம் எடுப்பாக வந்தபோது ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, கரடியக் கொண்டாந்து வளவுலயே கட்டிப்போட்டுட்ட!" என்றார்கள். முடி இல்லாத வெறும் ஸ்பாஞ்சைப் பார்த்தே கரடி என்று சொன்னார்களே, எனக்கு அது போதும்.

மார்ச் 9, ஞாயிறு

தலையைப் பாலித்தீன் தாளால் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, தையல் எங்கெங்கே வரவேண்டுமோ அங்கே ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். ஒவ்வொரு துண்டிலும் ஓர் அம்பு. முடி போகிற திசை அது. மூக்கிலிருந்து பின்னோக்கி, கன்னத்தில் கீழே சரிந்து, கழுத்தில் நேராகக் கீழ்நோக்கி. இந்த அம்பு மாறினால் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் முகம் செத்துப்போகும். வெளிச்சம் படும்போது அந்தத் துண்டு மட்டும் வேறு நிறமாக அடிக்கும். கோட்டோடு வெட்டி உரித்து விரித்தால் அதுதான் பேட்டர்ன். மூஞ்சி வளைகிற இடத்தில் பிளவுஸுக்கு வளைவு வரத் துணியை மடித்துத் தைக்கிற டார்ட்டேதான் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பக்கத்து வீட்டுப் பெண் ஒத்தாசைக்கு வந்தாள். அவளிடம் முதலில் சொன்னது, கத்தரிக்கோலைத் தூரப் போடு என்பதுதான். துணியைக் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கம் அடித்துணியை மட்டும் பிளேடு நுனியால் கீற வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் இழுத்தால் முடி முழு நீளத்தோடு பிரிந்து வரும். கத்தரியால் வெட்டினால் ஓரத்து முடியெல்லாம் மொட்டையாகி, தையல் போட்ட இடம் தழும்பாகத் தெரியும்.

தைக்கும்போது முடியை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஊசி ஓட்டினோம். திருப்பிய பிறகு தையலில் மாட்டிக்கொண்ட முடிகளை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நாய்க்கு வாரும் கம்பி பிரஷ்ஷால் வாரினோம். தையல் எங்கே என்று அவளே தேடினாள். அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையே.

மார்ச் 15, சனி

மூஞ்சித் துணியின் முடியைத் தாடி டிரிம்மரால் இன்னும் குறைத்தேன். மூக்கு நுனிக்குக் கிட்டே மிகக் குட்டை, கண்ணை நோக்கிப் போகப் போக நீளம். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பறக்கிற தூசு மூச்சுக்குள் போகும். நகங்களைச் செருப்புக் கடை ரப்பர் ஷீட்டில் விரல் நீளத்துக்கு வெட்டி, வெளிறிய நிறம் அடித்தேன். கரடிக்கு நகம்தான் கம்பீரம்.

தம்பி வந்தார். மூக்கில் ஒரு வளையம் வேண்டுமாம், குறவன் வேஷக்காரர் கயிறு கோத்துப் பிடிக்க. முடியாது என்று சொல்லிவிட்டேன். கயிற்றை இழுத்தால் தலை ஒருபக்கம் திரும்பிப் பார்வை மறையும், கழுத்தும் சுளுக்கும். அது ஒரு காரணம். உயிருள்ள கரடியின் மூஞ்சியைத் துளைத்துக் கயிறு கட்டி ஆடவைத்த காலம் ஒன்று இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் அந்த வழக்கம் போக வெகுகாலம் பிடித்தது. என் கையால் செய்கிற கரடிக்கு மூக்குக் கயிறு கிடையாது. இடுப்பில் ஒரு துணிப்பட்டை வைத்துத் தருகிறேன், அதைப் பிடித்து நடத்தட்டும் என்றேன். யோசித்துவிட்டு, "சரிக்கா, அதுதான் நல்லாருக்கும்" என்றார்.

மார்ச் 17, திங்கள்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேண்டுமென்றே போட்டுப் பார்த்தோம். வாய்க்குள் கறுப்பு வலை. வெளியிலிருந்து இருட்டாகத் தெரியும், உள்ளிருந்து ஆளும் தரையும் தெரியும். மூஞ்சிக்குள் கம்ப்யூட்டருக்குப் போடுகிற 5 வோல்ட் குட்டி ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது, சூடான காற்று காதடி ஓட்டைகள் வழியாக மேலே போகிறது. பவர் பேங்க் இடுப்பில். எடை ஒரு கிலோவுக்கும் கீழே.

வெளிநாட்டில் இந்த மாதிரி விலங்கு வேஷ உடையை ஃபர்சூட் என்பார்கள்; தலை, கை, வால் மட்டும் என்றால் பார்ஷியல். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் இந்த வேஷப் பிரியர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஆந்த்ரோகான் மாதிரிக் கூடுகைகளில், தலையைக் கழற்றிவைத்துத் தண்ணீர் குடித்து ஃபேன் முன்னால் உட்காரத் தனி அறையே ஒதுக்குகிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் அப்படி அறை ஏது? அதனால் தம்பியிடம் கறாராகச் சொன்னேன்: இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தவில் பக்கம் ஒதுங்கித் தலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கணும், கூட ஒரு ஆள் எப்போதும் நிற்கணும். ஃபேன் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடிவிட்டு வந்தார். கண் இருட்டவில்லையாம். பிள்ளைகள் நெஞ்சிலுள்ள வெள்ளை முடியைத் தடவித் தடவிப் பார்த்தார்களாம்.

குறையும் சொன்னார், சொல்லத்தான் வேண்டும். தாடையை இழுக்கிற எலாஸ்டிக் வியர்வையில் நனைந்து தொய்ந்துவிட்டது, வாய் பாதியோடு நிற்கிறது. நெற்றிப் பட்டை ஈரம் காயவில்லை. எலாஸ்டிக்கை அகலமானதாக மாற்றித் தைத்துவிட்டேன். நெற்றிக்கும் தாடைக்கும் பருத்தித் துணியில் உறை தைத்து வெல்க்ரோ வைக்கப் போகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழற்றித் துவைக்க இரண்டு ஜோடி வேண்டும். முடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசி நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் சூடு பட்டால் அக்ரிலிக் சுருண்டு முடிச்சாகிவிடும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த ஆட்டம் வியாழக்கிழமை. புதன் சாயங்காலத்துக்குள் உறை தயாராகிவிடும்.