டிக் டிக் சத்தத்துக்கு முன்னால்

கதிர்வீச்சுக் கருவி என்றதும் ‘டிக் டிக்’ என்ற சத்தம்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் கதிர்த் துகள்களை எண்ணியது மனிதக் கண். அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, துகள் வந்து மோதும்போது துத்தநாக சல்பைடு திரையில் மின்னும் பொட்டுகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அப்படி எண்ணியவர்களில் ஒருவர் ஹான்ஸ் கைகர். பின்னாளில் எண்ணும் கருவிக்கே அவர் பெயர் வந்தது பொருத்தம்தானே!

1928-ல் மாணவர் முல்லரோடு சேர்ந்து அவர் செய்த குழாய் எளிமையானது. உள்ளே கொஞ்சம் வாயு, நடுவில் ஒரு கம்பி, நல்ல உயர் மின்னழுத்தம். கதிர் ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிய்த்தால் போதும், அது மற்ற அணுக்களை மோதி எலக்ட்ரான் வெள்ளமே புரளும். அதுதான் அந்த ‘டிக்’.

ஆனால் எல்லா ‘டிக்’கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வந்த கதிரின் ஆற்றல் தெரியாது. இன்னொரு வில்லங்கம்: கதிர்வீச்சு மிக அதிகமானால் சில பழைய கருவிகள் திணறிப்போய் பூஜ்யத்தைக் காட்டும். ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் கருவி!

அப்புறம் 1948-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹாஃப்ஸ்டாட்டர், தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தைக் கொண்டுவந்தார். ஆற்றலுக்கு ஏற்ற அளவில் படிகம் ஒளிரும். ஒளியைப் பிடிக்கத்தான் பெரிய கண்ணாடிக் குழாய் தேவைப்பட்டது. இப்போது சில மில்லிமீட்டர் சிலிக்கான் சில்லு போதும். சட்டைப்பைக் கருவியை போனோடு இணைத்தால், சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்குமிடத்தில், 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (ஆற்றலின் அலகு) அருகே ஆற்றல் வரைபடத்தில் ஒரு மேடு மெல்ல எழும்புகிறது. எனக்கு இன்னும் அது மாயமாகத்தான் தெரிகிறது.